மூலை மடித்த வாக்குத்தத்தம்

கிட்ட வாங்க மக்காள், இன்னும் கொஞ்சம் கிட்ட. வெயில் படுகிற பக்கம் இருக்கிற பிள்ளை நிழலுக்குள் நகர்ந்து கொள்ளட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். ஆண்டவருடைய வாக்கு ஒன்று, போகவேண்டிய வீட்டுக்குப் போகாமல் வேறொருவன் கையில் போய் விழுந்த கதை. அது வழி தவறிப் போனதா, வழி கண்டுதான் போனதா என்று மெற்றில்டாவுக்கு இன்று வரைக்கும் தெரியாது. கேட்டு முடித்த பிறகு உங்களில் யாருக்காவது விளங்கினால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். பாவம், அவள் மனம் ஆறட்டும்.

மெற்றில்டா ஒரு தையல்காரி. குருக்கள்மடத்துக்குக் கொஞ்சம் இங்காலே, வாவிக் கரையோரத்துச் சின்ன ஊர் அவளுடையது. வயது ஐம்பத்துநாலு. அவள் தைத்த சட்டையைவிட அவளுடைய கையெழுத்துக்குத்தான் ஊரில் பேர் அதிகம். அதனால் ஒவ்வொரு மார்கழியும் கோயிலுக்கு வாக்குத்தத்த அட்டை எழுதுகிற வேலை அவளுடையதாயிற்று. அச்சடித்த அட்டைகள் கொழும்பிலிருந்து வந்து சேருவதற்குள் மாசி பிறந்துவிடும் என்று போதகர் ஐயா சொல்வார்.

அந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும், வேதத்திலிருந்து எடுத்த நல்வாக்கு ஒவ்வொன்று எழுதிய அட்டைகளைக் காணிக்கைத் தட்டில் கவிழ்த்துப் பரப்பி, வரிசை வரிசையாகக் கொண்டு வருவார்கள். வீட்டுக்கு ஒன்று. கண்ணை மூடி ஜெபித்து எடுக்கவேண்டும். எது வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அந்த வீட்டுக்குச் சொல்லும் சொல். கண்ணை மூடவேண்டும் என்பது விதி. ஆனால், நமக்குள்ளே சொல்கிறேன், ஒருவரும் முழுக்க மூடுவதில்லை.

அந்த வருஷம் அட்டை எழுதும்போது மெற்றில்டாவின் மனதில் எமலி இருந்தாள். எமலி பக்கத்து வளவுக்காரி. அவளுடைய வட்டையில், அதுதான் நெல் வயலில், மூன்று போகம் தொடர்ந்து அழிவு. ஒரு போகம் வெள்ளம் கொண்டுபோனது, அடுத்த போகம் அறக்கொட்டிப் பூச்சி குடித்தது, மூன்றாவது போகம் யானை வந்து மிதித்துவிட்டுப் போனது. புழுவும் வெட்டுக்கிளியும் தின்று தீர்த்த வருஷங்களைத் திருப்பித் தருவேன் என்று யோவேல் தீர்க்கதரிசி வழியாக ஆண்டவர் சொன்ன வாக்கை எழுதியபோது, 'இது எமலிக்கென்றே எழுதினது மாதிரியல்லவா இருக்கிறது' என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதோடு நின்றிருக்கலாம். அவள் அட்டையின் ஒரு மூலையை மெல்ல மடித்தாள். மூலை மடிந்தால் அட்டை மற்ற அட்டைகளைவிடக் கொஞ்சம் தூக்கி நிற்கும். தூக்கி நிற்பதைத்தானே கை எடுக்கும்? எமலி இருப்பது முன் வரிசையில், முதல் ஆளாக. இதில் என்ன களவு, ஆண்டவருக்கு ஒரு சின்ன ஒத்தாசைதானே என்று மெற்றில்டா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

புது வருஷத்தன்று தட்டை ஏந்தி வந்தவன் நத்தானியேல். கோயில் மணி அடிக்கிறதும் கூட்டுகிறதும் உட்காருகிற வாங்கில்களைத் துடைக்கிறதும் அவன்தான். எமலி அரைக்கண்ணை மூடி ஜெபித்தாள். கை நேராக மடிந்த அட்டைக்கு மேலே வந்தது. மெற்றில்டா மூச்சை அடக்கினாள்.

"ஐயோ, இது மடங்கிக் கிடக்கு" என்றாள் எமலி, வாய்க்குள்ளே. கை விலகிப் போய், ஓரத்தில் கிடந்த நேரான அட்டை ஒன்றை எடுத்தது. போகும்போதும் வரும்போதும் உன்னைக் காப்பேன் என்றது அது. எமலிக்குச் சந்தோசம். அவளுடைய புருஷனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டம் சரியில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மெற்றில்டா எப்படி எதிர்பார்த்திருப்பாள்? மடிந்த அட்டையை ஒருவரும் தொடவில்லை. வருஷப் பிறப்பும் அதுவுமாகப் பழுதான அட்டையை யார் எடுப்பார்கள்?

"இது எலி கடிச்சதா புள்ள?" என்று கேட்டார் இரண்டாம் வரிசைக் கிழவர் ஒருவர்.

"எலி கடிச்சா வசனம் குறைஞ்சு போகுமா அப்பா?" என்றான் நத்தானியேல்.

"வசனம் குறையாது மனே. ஆனா வருஷம் முழுக்க எலியையும் சேத்தெல்லோ பாத்துக்கொண்டிருக்கணும்" என்று அவர் வேறொன்றை எடுத்தார்.

நாற்பது வீடு எடுத்தாயிற்று. நாற்பத்தோராவது அட்டை நத்தானியேலுக்கு. அவனுக்கு வீடு இல்லை. கோயிலோடு ஒட்டின அறையில்தான் படுக்கை. ஆனாலும் போதகர் ஐயா அவனையும் ஒரு வீடாகவே எண்ணுவார். மிஞ்சிக் கிடந்ததை அவன் எடுத்தான், மடிப்பைப் பெருவிரலால் நீவி விட்டான், வாய்விட்டு வாசித்தான். பாதியில் குரல் நின்றது. மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்தான்.

வெளியே வேம்புக்குக் கீழே அவன் மெற்றில்டாவைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சாள், சலோமி என்னை வெளிய விட்டு எத்தினை வருஷம்?"

"ஒன்பது வரும். என்னத்துக்குக் கேக்கிறீங்க மச்சான்?"

"ஒன்பது" என்று விரலில் எண்ணினான். "நான் அவளிட்டப் போகப்போறன் மச்சாள். ஆண்டவர் சொல்லிப்போட்டார். ரெண்டாம் சனி போவம். நீங்களும் வரணும். நான் தனியப் போனா அவள் நாயை அவிட்டு விடுவாள்."

சலோமி மெற்றில்டாவுக்குத் தங்கச்சி முறை, சின்னம்மாவின் மகள். எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது மகளுக்குத்தான். கல்யாணம் முடித்தவன் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான், சரிவராவிட்டால் அதே பெட்டியோடு வெளியே வருவான். நத்தானியேல் பதினாலு வருஷம் வாவிக்கு அந்தப் பக்கம், அம்பிளாந்துறையில் சலோமியின் வீட்டில் இருந்தான். இருந்த காலமெல்லாம் குடித்தான். பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் அவள் அவனுடைய பெட்டியை வாசல் படலைக்கு வெளியே வைத்தாள். அவனுடைய தாயின் வீடோ தங்கச்சிக்குப் போயிருந்தது. கடைசியில் கோயில்தான் அவனை ஏற்றுக்கொண்டது. குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. விட்டது உண்மை என்று ஊரே சொல்லும். ஆனால் அந்த நாலு வருஷமும் ஒரு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அவனுடைய கண்ணைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

மெற்றில்டாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவன் ஆண்டவர் சொன்னார் என்று நம்பிப் போகிறான். சொன்னது யார்? அவளுடைய பெருவிரலும் சுட்டுவிரலும். சலோமி முகத்தில் அடித்தாற்போல் விரட்டிவிட்டால் இவன் என்ன ஆவான்? ஆண்டவரே பொய் சொல்லிவிட்டார் என்று நேரே சாராயத் தவறணைக்குத்தானே போவான்? சொல்லிவிடலாம் என்றால், முகமெல்லாம் வெளிச்சமாக நிற்கிற மனிதனிடம் எப்படிச் சொல்வது? இதற்குள் அவன் ஏறாவூர்த் துணி வியாபாரி முனாப் சைக்கிளில் கொண்டு வந்த துணியில் வெள்ளையாக இரண்டு கஜம் வாங்கி, "ஒரு நல்ல சேட் தைச்சுத் தாங்க மச்சாள்" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

புதன்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்து அவள் போதகர் ஐயாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"ஐயா, ஒரு ஆள் கள்ளத்தனமாச் செய்த காரியத்தால இன்னொரு ஆளுக்கு ஆசீர்வாதம் வந்தா, அது ஆசீர்வாதமா?"

போதகர் ஐயா இளம் ஆள், யோசிக்காமல் பேசமாட்டார். யோசித்துப் பேசும்போதுதான் கேட்கிறவருக்குத் தலை சுற்றும். "யாக்கோபு ஆட்டுத் தோலைக் கையில சுத்திக்கொண்டுதானே தகப்பன்ட ஆசீர்வாதத்தை வாங்கினான்? ஆசீர்வாதம் நிலைச்சுதா, இல்லையா?"

"நிலைச்சுது."

"ஆனா அவன் இருபது வருஷம் ஊர் விட்டு அலைஞ்சான்."

"அப்ப செய்தது சரியா, பிழையா ஐயா?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். நீங்க எதைப் பற்றிக் கதைக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல ஐயா, சும்மா." அவள் திரும்பி நடந்தாள். அவர் பின்னாலிருந்து, "அந்த வெட்டுக்கிளி வசனத்தைப் பற்றி எண்டா, அதுக்கு முன்னம் இருக்கிறதையும் வாசிச்சுப் பாருங்க. திருப்பித் தாறன் எண்டதுக்கு முதல், உடுப்பைக் கிழிக்காத, இருதயத்தைக் கிழி எண்டுதான் ஆண்டவர் சொல்லுறார்" என்றார். மெற்றில்டா திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டாள். வீட்டுக்கு வந்து வெள்ளைச் சேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தைப்பதா பிரிப்பதா என்று தெரியாமல் இருந்தாள்.

மறுநாள் ஜாக்கெட் வாங்க வந்த அன்னப்பூரணியிடம் முழுவதையும் கொட்டினாள். அன்னப்பூரணி அம்மன் கோயிலுக்குப் போகிறவள். அதனால் இவளிடம் சொல்வது லேசாக இருந்தது.

"இதுக்குப் போயா இந்த மூஞ்சி கா?" என்றாள் அன்னப்பூரணி. "எங்கட கோயிலிலயும் பூக்கட்டிப் பாக்கிறதுதானே. வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவத்தப் பூ ஒரு பொட்டணம். எது வருதோ அது அம்மன்ட சொல்லு."

"கட்டினவளே கள்ளம் பண்ணினா?"

"நீ பண்ணின கள்ளம் பலிச்சுதா?"

"இல்லையே. எமலிக்கெல்லோ போகணும் எண்டு மடிச்சன்."

"அப்ப உன்னைவிடப் பெரிய கள்ளன் ஒருத்தன் மேல இருக்கான் எண்டு அர்த்தம். ஜாக்கெட்டுக்குக் கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு, தளத்தித் தா."

மெற்றில்டா சிரித்தாள். சிரித்து முடித்ததும் பழைய குழப்பம் அப்படியே இருந்தது. ஆண்டவர் தன் விரலை உபயோகித்தாரா, தன் விரல் ஆண்டவரின் பேரை உபயோகித்ததா? இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தது, பிறகு இரண்டும் இல்லைபோலத் தெரிந்தது.

இரண்டாம் சனியும் வந்தது. வாவியைக் கடக்க ஓடுகிற தட்டைப் படகை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அன்று காலைப் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் ஆறு, ஒரு கட்டு ஆட்டுத் தழை, பத்துப் பன்னிரண்டு பேர். மாரி வெள்ளத்தில் வாவி கரைமுட்ட நிறைந்திருந்தது. நத்தானியேல் புதுச் சேட்டில், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஓரத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். சேட் பையில் அட்டை துருத்தித் தெரிந்தது. மெற்றில்டா அந்தப் பையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடு வாவியில் வைத்து, நினைத்திருக்காத நேரத்தில், அவள் வாய் தானாகத் திறந்தது.

"மச்சான், அந்த அட்டையை மடிச்சது நான்."

"எந்த அட்டை?"

"உங்கட அட்டை. எமலி எடுக்கட்டும் எண்டு மடிச்சன். அவள் எடுக்கல்ல. ஒருத்தரும் எடுக்கல்ல. மிஞ்சினது உங்களிட்ட வந்துது."

"மிஞ்சினது எப்பவும் எனக்குத்தானே வாறது" என்று அவன் சிரித்தான். பிறகுதான் அவனுக்கு விளங்கியது. சிரிப்பு முகத்திலேயே நின்று காய்ந்துபோனது. அட்டையை எடுத்துப் பார்த்தான். "அப்ப ஆண்டவர் எனக்கு ஒண்டும் சொல்லல்லையா மச்சாள்?"

"தெரியா."

"சொன்னாரா?"

"அதும் தெரியா மச்சான். சத்தியமாத் தெரியா. நான் யோசிச்சு யோசிச்சு விசராகிப்போனன்."

அவன் அட்டையை அவளுடைய கையில் வைத்தான். "இதை எமலிட்டக் குடுங்க. அவளுக்குரியது." கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் கோபப்படவில்லை. பாதை அம்பிளாந்துறையில் முட்டியது. எல்லாரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. "எந்த முகத்தோட போறது? சொல்லுறதுக்கு ஒரு சொல்லும் இல்லையே" என்றான்.

பாதைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்குங்க அண்ணன். கிறுகித் திரும்பிப் போறதெண்டாலும் இறங்கித்தான் மறுகா ஏறணும். அதுதான் சட்டம்."

சட்டத்துக்காக அவன் இறங்கினான். மண்ணில் கால் வைத்தவன் அப்படியே நின்றான். மெற்றில்டா பக்கத்தில் நின்றாள். ஏறு என்று சொல்லவும் பயம், நட என்று சொல்லவும் பயம். பாதை திரும்புவதற்கு மணி அடித்தது. அவன் பாதையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். பிறகு ரோட்டில் நடந்தான். ஏன் நடந்தான் என்று கேட்காதீர்கள் மக்காள். அவனுக்கே தெரியாது என்று பிறகு சொன்னான்.

சலோமி கிணற்றடியில் நின்றாள். நாய் குரைத்தது. அவள் அதட்டி அடக்கிவிட்டு, படலையை மட்டும் திறக்கவில்லை.

"அதில நில்லுங்க" என்றாள். "சொல்லுங்க. இண்டைக்கு எந்த வசனம்?"

மெற்றில்டாவுக்கு விளங்கவில்லை. "என்ன புள்ள கேக்கிறாய்?"

"உங்களுக்குத் தெரியாது அக்கா. ஒருத்தருக்கும் நான் சொன்னதில்ல. இவர் குடிச்சுப்போட்டுப் படியில விழுந்து கிடக்கக்குள்ளயும் வாயில வசனம்தான். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லி ஆண்டவர் எனக்குக் கட்டளை போட்டிருக்காராம். என்ட காப்பை வித்துக் குடிச்ச அண்டைக்கு, பூமியில பொக்கிஷம் சேர்க்கக் கூடாதாம். மறுகா விடிஞ்சா அழுகை, திரும்பவும் ஒரு வாக்குத்தத்தம். வேதத்தைத் திறந்தா எனக்குச் சாராய மணம்தான் அடிக்கும். இவர் போயும் ஒன்பது வருஷமா நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கல்ல அக்கா. அதையும் சேத்துத்தான் இவர் கொண்டுபோனவர்." அவள் நத்தானியேல் பக்கம் திரும்பினாள். "ம், சொல்லுங்களன். புதுச் சேட்டெல்லாம் போட்டு வந்திருக்கீங்க."

மெற்றில்டாவின் கைப்பைக்குள் அட்டை இருந்தது. அவள் பையை இறுக மூடிக்கொண்டாள்.

நத்தானியேல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒண்டுமில்ல."

"என்ன ஒண்டுமில்ல?"

"ஒரு வசனம் வெச்சிருந்தன். வழியில அது எனக்குரியது இல்லையாக்கும் எண்டு தெரிஞ்சுது. அதால சும்மாதான் வந்திருக்கன்."

"சும்மா எண்டா?"

"சும்மா. கேக்கிறதுக்கும் ஒண்டுமில்ல." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "உன்ட வருஷங்களை நான் திண்டன், சலோமி. இந்த ஒன்பது மட்டுமில்ல, முந்தின பதினாலும். நான் இவ்வளவு நாளும் என்ட வருஷத்தை ஆரோ திண்டுபோட்டாங்க எண்டு நினைச்சிருந்தன். இப்ப நடந்து வரக்குள்ளதான், திண்டது நான் எண்டு பட்டுது. அவ்வளவுதான்."

சலோமி அவனை வெகுநேரம் பார்த்தாள். ஏசுவதற்கு ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தேடுகிறவள் மாதிரி இருந்தது முகம்.

"அக்கா, இவர் சொல்லுறது உங்களுக்கு விளங்குதா?"

"பாதி விளங்குது."

"எனக்கு அதுவும் இல்ல." அவள் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். "கப்பி இறுகிக் கிடக்கு, ரெண்டு கிழமையா. செய்ய ஆள் இல்ல. ஏலுமா உங்களுக்கு?"

அவன் புதுச் சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் கப்பியைக் கழற்றினான். துரு சுரண்டி, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டினான். பகல் முழுக்க அந்த வேலை. சலோமி பால் விடாத பிளேன்ரீ கொண்டு வந்து கிணற்றுக் கட்டின் மேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் வரச் சொல்லவும் இல்லை. நாலு மணிப் பாதைக்கு அவர்கள் புறப்பட்டபோது, வாளியை இறக்கி ஏற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த சனி கூரையில நாலு ஓடு மாத்தணும்."

"மழை பெஞ்சா?" என்றான் அவன்.

"மழைக்குள்ள ஓடு மாத்துவாங்களா? மூளை இருக்கா?"

"இல்ல, மழை பெஞ்சாலும் வரவா எண்டு கேட்டன்."

அவள் வாளியை இன்னொரு தரம் இறக்கினாள்.

திரும்பி வரும்போது மெற்றில்டா மனதுக்குள் ஆண்டவரோடு மல்லுக்கட்டினாள். நான் மடிக்காவிட்டால் இவன் புறப்பட்டிருக்கவே மாட்டான். நான் மடித்ததைச் சொல்லாவிட்டால் வசனத்தோடு போய் நின்றிருப்பான், அவள் துரத்தியிருப்பாள். அப்படியென்றால் என் பிழை சரியா? சரியென்றால் ஏன் எனக்கு இப்படிக் கூசுகிறது? ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயாவிடம் போய் உள்ளதைச் சொல்லி, அடுத்த வருஷம் அட்டை எழுத வேறு ஆள் பாருங்கள் என்றாள். எமலியிடமும் அட்டையை நீட்டிச் சொன்னாள். எமலி, "அதுக்கென்ன கா, எனக்கு வந்ததே காணும், அது போதும்" என்று விட்டுவிட்டாள். நத்தானியேல் அந்தக் கிழமை முழுக்க மணி அடித்தான், கூட்டினான். தவறணைப் பக்கம் போகவில்லை. சந்தோசமாகவும் இல்லை.

சனிக்கிழமை விடியும்போதே மழை. கொட்டோ கொட்டென்று கொட்டியது. மெற்றில்டா தையல் மெசினில் இருந்தபடி, அவன் போகமாட்டான் என்று ஒரு மனமாகவும், போகட்டும் என்று ஒரு மனமாகவும் ஊசியைத் தப்பான இடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு அவன் குடையைப் பிடித்துக்கொண்டு துறைப் பக்கம் போவது தெரிந்தது. நாலரைக்குத் திரும்பி வந்தான். குடை ஒரு பக்கம் முறிந்திருந்தது. அவள் வாசலுக்கு ஓடினாள்.

"என்ன மச்சான், என்ன சொன்னாள்?"

"ஒண்டும் சொல்லல்ல."

"ஓடு?"

"மழையில என்னண்டு மாத்துறது?"

"அப்ப பகல் முழுக்க எங்க நிண்டீங்க?"

அவன் சொல்லத் தெரியாமல் சொல்கிறவன்போலச் சொன்னான். "மழைக்குள்ள நிக்க விடல்ல, மச்சாள். உள்ளுக்கு வந்து இரிங்க எண்டாள். ஒழுகிற இடத்துக்கெல்லாம் சட்டி வெச்சுக்கொண்டு ரெண்டு பேரும் இருந்தம்."

மெற்றில்டா அழுதாள். எதற்காக அழுகிறோம் என்று அப்போதும் அவளுக்குத் தெளிவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்து, "கொஞ்சம் இரிங்க, தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போனாள்.

இவ்வளவுதான் மக்காள் கதை. எழும்பிப் போக முன்னம் தலையைக் கொஞ்சம் குனியுங்கள். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகினாலும் சட்டி வைக்க இரண்டு பேர் இருக்கட்டும். உங்கள் பெண்மக்களின் வாசலுக்கு வெறுங்கையோடு உண்மையைக் கொண்டு வருகிறவர்கள் வரட்டும், இனிப்பான பொய்யோடு வருகிறவர்கள் வழியில் நிற்கட்டும். உங்கள் வட்டையில் கதிர் முற்றட்டும். விளங்காத நாட்களிலும் ஆண்டவர் உங்கள் வீட்டாரைக் கைவிடாதிருப்பாராக. ஆமென். கவனமாகப் போய் வாருங்கள்.